பெயரைப் போட முடியாவிட்டால் தொகுதி இலக்கத்தையாவது போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் குடும்பப் பக்கத்தில் உணவுக் கலப்படத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. குவளையில் மிளகு மிதக்கிறது, பக்கத்தில் ஒரு பெண்மணி சிரிக்கிறார். மிளகு மிதந்தால் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை, அது போகட்டும். “சில்லறைக் கடைகளில் தூள் வகைகள் வாங்கும்போது இல்லத்தரசிகள் விழிப்பாக இருந்தாலே கலப்படத்தை அடியோடு ஒழித்துவிடலாம்” என்று ஒரு வசனம் எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அடியோடு! 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. சுகாதார அமைச்சு, சுங்கம், மாநகர சபை, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை எல்லாம் இருக்கின்றன. இத்தனை பேரும் இத்தனை வருடமாக ஒழிக்காததை வெள்ளவத்தையில் ஒரு அம்மா ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒழித்துவிடுவார். சரி, அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

நான் கொட்டாஞ்சேனையில் சில்லறைக் கடை வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை. என் கடைக்கு வழக்கமாக வந்த ஒருவர் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் சாமான் வாங்க வந்தால் கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டுத்தான் போவார். அவரிடம் கேட்டு அறிந்ததை வைத்துச் சொல்கிறேன், உங்கள் கட்டுரையில் உள்ள சோதனைகளில் பாதி எதையும் நிரூபிக்காது. மிளகில் கலக்கிற பப்பாசி விதை தண்ணீரில் மிதக்கும் என்பது சரி. ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத சொத்தை மிளகும் மிதக்கும். மஞ்சள் தூளில் அயடீன் விட்டு நீலமானால் மா கலந்திருக்கிறது என்கிறீர்கள். மஞ்சள் கிழங்கிலேயே மாப்பொருள் நிறைய இருக்கிறது, ஐயா. கலப்படமே இல்லாத மஞ்சளும் நீலமாகும். அரிசி மாவின் துணிக்கையைப் பிரித்துப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். சுத்தமான தேங்காயெண்ணெய் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் உறையும் என்பதும் அப்படித்தான், பாம் எண்ணெய் கலந்ததும் அந்தக் குளிரில் இறுகும். இதையெல்லாம் நம்பி எத்தனை பேர் நல்ல மஞ்சளைக் கொண்டுபோய்க் கடைக்காரர் முகத்தில் எறியப் போகிறார்களோ தெரியாது.

2021 சித்திரைப் புத்தாண்டுக்கு முன் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கிறது என்று ஊரே கொந்தளித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நூறு கோடியில் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்க்கிற நஞ்சு அது. விழிப்பாக இருக்கும் இல்லத்தரசி எந்தக் கண்ணால் அதைப் பார்ப்பார்?

ஏமாற்றுகிறவன் சோதனையைத் தெரிந்துகொண்டுதான் கலக்கிறான். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற, பிளாஸ்ரிக் செய்கிற இரசாயனத்தைக் கலந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. புரதத்தில் நைதரசன் இருப்பதால், பாலில் புரதம் எவ்வளவு என்று நைதரசனை அளந்துதான் பார்த்தார்கள். மெலமைனில் நைதரசன் ஏராளம். தண்ணீர் ஊற்றிய பாலில் அதைப் போட்டதும் கருவி “நல்ல பால்” என்று சொல்லிவிட்டது. 6 குழந்தைகள் செத்தார்கள், கிட்டத்தட்ட 3 இலட்சம் குழந்தைகளுக்கு நோய் வந்தது. ஆய்வுகூடத்தையே ஏமாற்றியவர்களைக் குவளைத் தண்ணீர் பிடிக்குமா?

இனி என் சொந்தக் கதை. கட்டுரையில் “சில்லறைக் கடைகள்” என்று வந்தது எனக்கு ஏன் சுட்டது என்று தெரிய வேண்டுமல்லவா.

என் கடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு மிளகாய்த் தூள் பக்கற்றை மாதிரிக்கு எடுத்தார். கம்பனி ஒட்டி அனுப்பிய பக்கற். நான் அதைப் பிரிக்கவுமில்லை, நிறுக்கவுமில்லை, ஆணியில் தொங்கவிட்டேன், அவ்வளவுதான். மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது, அரிசி மா கலந்திருக்கிறது என்று. நீதிமன்றத்துக்கு அழைப்பு. வாங்கிய பில் இருக்கிறது, விநியோக வான் வந்த திகதி இருக்கிறது என்று எல்லாவற்றையும் கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். சட்டத்தரணி கோப்பைத் திறக்கவே இல்லை. “வழக்காடினால் கடையைப் பூட்டிப்போட்டு அலைய வேண்டிவரும், ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டுங்கோ” என்றார். கட்டினேன். மறுநாள் ஒரு பத்திரிகையில் என் கடையின் பெயர் வந்தது, தெருவின் பெயரும் வந்தது. தூளைச் செய்து பக்கற்றில் அடைத்தவர் “பிரபல நிறுவனம் ஒன்று” என்று வந்தார். அவருக்குப் பெயரே வைக்கவில்லை போலும். “முதலாளி, உங்கட கடை பேப்பரில வந்திருக்குதே” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்புறம் அவர் வரவில்லை. அந்தத் தூள் மட்டும் காலி வீதியில் குளிரூட்டிய கடைகளில் அதே பக்கற்றில் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

சில்லறைக் கடைக்காரர் எல்லாரும் உத்தமர் என்று சொல்லவில்லை. செத்தல் மிளகாயில் தண்ணீர் தெளித்து நிறை ஏற்றுகிறவரை எனக்குத் தெரியும். சீனிப்பாகு கலந்த பாணியைக் கித்துள் பாணி என்று தலையில் கட்டுகிறவரையும் தெரியும். ஆனால் 2020இல் இறக்குமதி நின்று மஞ்சள் கிலோ சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரக் கணக்கில் ஏறியபோது, மூட்டை மூட்டையாக மா கலந்தது எங்கள் பலகைத் தட்டுக்குப் பின்னாலா நடந்தது? எங்களுக்கு அரைத்தே வந்தது. அதற்கு மேலே ஆலை, களஞ்சியம், இறக்குமதிக்காரர் என்று ஒரு வரிசை இருக்கிறது. சோதனை ஏன் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறவனிடமே தொடங்குகிறது?

மேலே போய்ப் பிடித்தால் முடியும். பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்று என்ற நச்சு நிறப்பொருளைப் பூசினார்கள். 2019இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் கிட்டத்தட்ட பாதியில் அது இருந்தது. அதிகாரிகள் டாக்கா மொத்தச் சந்தைக்கே ஈயத்தைக் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவியோடு போனார்கள், மொத்த வியாபாரிகளுக்குத் தண்டம் விதித்தார்கள், பத்திரிகைகள் அதை எழுதின. 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. டாக்காவில் முடிந்தது, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் முடியாதா? இந்தியாவில் இன்னும் முன்னாலேயே, வனஸ்பதி என்ற, நெய் மாதிரி இருக்கும் தாவரக் கொழுப்பைச் செய்கிறவர் அதில் 5 வீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் ஆய்வுகூடத்தில் நல்லெண்ணெய் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே 2021இல் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் தண்டம் குறைந்தது ஒரு இலட்சம் என்று அவசரமாகத் திருத்தினார்கள். பத்து ரூபாய் கூட்டி விற்பவனைப் பிடிக்க வந்த அவசரம், மாவை மிளகாய் என்று விற்பவனைப் பிடிக்க ஏன் வரவில்லை?

பக்கற்றில் தமிழ் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பதையும், இறக்குமதிச் சாமானில் திகதிக்கு மேலேயே ஸ்டிக்கர் ஒட்டுவதையும் பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன். இடமில்லை போலும், வரவில்லை. கலப்படக் கட்டுரையின் கீழே கால் பக்கத்துக்குத் தூள் விளம்பரம் போட இடம் இருந்தது. நான் அந்தத் தூளைக் குறை சொல்லவில்லை. அது எந்த ஆய்வுகூடத்துக்குப் போனது என்று நீங்கள் கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனிமேல் கலப்பட வழக்கில் ஒரு கடைக்காரருக்குத் தீர்ப்பு வந்து, அவர் பெயரைப் போடுவதாக இருந்தால், அந்தப் பக்கற்றை அடைத்தவர் யார் என்பதையும் அதே வரியில் போடுங்கள். விளம்பரப் பிரிவு சம்மதிக்காவிட்டால், பக்கற்றின் பின்பக்கத்தில் இருக்கும் தொகுதி இலக்கத்தை, அதாவது ஒரே தடவையில் செய்த பக்கற்றுகளுக்கு இடும் ‘பட்ச் நம்பரை’யாவது போடுங்கள். வீட்டில் இருக்கும் பக்கற்றை எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் இல்லத்தரசிக்குக் குவளையும் வேண்டாம், அயடீனும் வேண்டாம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தையும் பக்கத்தில் போட்டால் நல்லது. ஞாயிற்றுக் கட்டுரையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் மேலே உள்ள சோதனைகளை வெட்டுங்கள், தொகுதி இலக்கத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் சில்லறைக் கடைக்காரர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.