நம் ஊரின் பழைய அமைப்பை வரைபடமாக்க நன்கொடை வேண்டி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். நம்மில் பெரும்பாலோர் இப்போது ஊரில் இல்லை. படிப்பு, வேலை, திருமணம் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். நல்லது கெட்டதுக்கு ஊர்ப்பக்கம் வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது, “தெரு ஏன் இவ்வளவு குறுகிப் போச்சு?” என்பதுதான். தெரு அப்படியேதான் இருக்கிறது. பெரியவர்களின் இடுப்பளவு வளர்ந்திருந்தபோது பார்த்த தெருவை இன்று முழு உயரத்திலிருந்து பார்க்கிறோம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட வந்த பிள்ளை, “பெரிய கிணறு எங்க இருந்துச்சு?” என்று கேட்கும்போது, “இங்கதான் எங்கேயோ” என்று கையை வீசிவிட்டு நகர்கிறோமே, அதுதான் எங்களை உறுத்துகிறது.

நம் ஊரின் பழைய அமைப்பை ஒரு வரைபடமாக வரைந்து, அதன் ஒவ்வொரு இடத்திலும் அங்கே வாழ்ந்தவர்களின் குரலையும் படங்களையும் சேர்த்து, ஊருக்கு வருகிற எவரும் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு நடக்கும்படி செய்யும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அதற்குத்தான் உங்கள் நன்கொடையைக் கேட்கிறோம்.

ஏன் இப்போதே என்றால், இந்த விவரங்களில் பெரும்பகுதி எந்தக் காகிதத்திலும் இல்லை. ஓடை திரும்புகிற முனைக்கு, மேட்டிலுள்ள தனிப் பாறைக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போன குறுக்குப் பாதைக்கு எல்லாம் நாம் ஒரு பெயர் வைத்திருந்தோம். அரசு வரைபடத்தில் அவை இல்லை. வயதானவர்களின் வாயில் மட்டும் இருக்கின்றன.

முதல் பதிவை ஒரு பெரியவரின் வீட்டில் உட்கார்ந்து எடுத்தோம். “என்னத்தைச் சொல்றது, எல்லாம் போயிருச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சரி, ஓடை வரைக்கும் ஒரு நடை போய்வரலாமா என்று கேட்டோம். பாதி வழியில், பாதை வளைகிற இடத்தில் நின்று, கைத்தடியால் தரையைத் தட்டினார். “வண்டி இங்க ஒடிச்சுத்தான் திரும்பும். சக்கரம் உரசி உரசி கல்லுல பள்ளம் விழுந்திருக்கும், பாருங்க.” புல்லை விலக்கினோம். கல் இருந்தது. விரல் நுழைகிற ஆழத்துக்குப் பள்ளமும் இருந்தது. அங்கிருந்து ஓடை வரைக்கும் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த மரம் எந்தக் காற்றில் விழுந்தது, எந்தப் பக்கம் தண்ணீர் முதலில் ஏறும் என்று வரிசையாக வந்தது.

இடத்துக்கும் நினைவுக்கும் உள்ள உறவு மூளை ஆராய்ச்சியாளர்கள் நன்றாக அறிந்த ஒன்று. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் கிளர்கிற செல்கள் அதன் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இருப்பதை ஜான் ஓ’கீஃப் 1971-இல் வெளியிட்டார். 2014-இல் அவருக்கும், இதே துறை ஆராய்ச்சியாளர்களான மோசர் தம்பதிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைவில் பதிய வைப்பதற்கும் அதே பகுதிதான் வேண்டும். ஆகவே இனி எல்லாப் பதிவும் நடந்துகொண்டேதான் என்று முடிவு செய்திருக்கிறோம். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியிலோ வண்டியிலோ அழைத்துப் போவோம். அதற்கும் செலவு உண்டு.

அடுத்தது படங்கள். 1970, 80-களில் எங்கும் விற்ற ஒட்டும் ஆல்பங்கள் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடுவோமே, அவைதான். அந்தப் பசை நாளாக ஆகப் பழுத்துப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்கிறது. தயவுசெய்து இழுத்துப் பிய்க்காதீர்கள், சூடும் காட்டாதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் தானாக விடும். விடவில்லையா, பக்கத்தோடு கொண்டு வாருங்கள், அப்படியே ஸ்கேன் செய்துவிடலாம். வண்ணப் படங்களுக்கு முன்னுரிமை தருகிறோம். பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் அவற்றின் சாயம் மங்கிக்கொண்டே போகும். அச்சிடும்போதே ஸ்டூடியோவில் நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படங்கள் அதைவிட நெடுநாள் தாங்கும்.

ஒவ்வொரு படத்தையும் குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்கிறோம். ஒரு சாதாரண அச்சுப் படத்தில் பின்னால் நிற்கிற வீட்டின் கூரையையும் வேலியையும் பெரிதாக்கிப் பார்க்க அந்த அளவு வேண்டும். உண்மையில் எங்களுக்கு முகங்களைவிட அந்தப் பின்னணிதான் முக்கியம்: ஒரு குழந்தையின் பிறந்தநாள் படத்தில்தான் பழைய பள்ளிக்கூடத்தின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவந்தது. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, அதற்குள் இருக்கும் தேதி, இட விவரமும் போய்விடும்.

அப்புறம், வானத்திலிருந்து எடுத்த படங்கள். அமெரிக்காவின் ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை பூமியைப் படம் பிடித்தன. படச்சுருளை ஒரு பெட்டகத்தில் வைத்துக் கீழே இறக்கி, நடுவானில் விமானம் கொண்டு பிடிப்பார்கள். அப்படி எடுத்த எட்டு லட்சத்துக்கும் அதிகமான படங்கள் 1995-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கடைசி வகைக் கேமராவின் நல்ல படங்களில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். அதாவது பாதை, வீடு, தனி மரத்தின் நிழல்வரை. ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம்; மற்றவற்றை ஸ்கேன் செய்து தர, அவற்றை வழங்கும் அமெரிக்க அரசு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. நம் பகுதிக்கு மேல் போன சுருள்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். 1972-க்குப் பிறகு ‘லேண்ட்சாட்’ என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடக்க காலப் படங்களில் வீடு தெரியாது. குளம் சுருங்கியதும் தோப்பு அழிந்ததும் தெரியும். பெரியவர் கைத்தடியால் காட்டுகிற இடத்தை இந்தப் படங்களோடு பொருத்திப் பார்த்துத்தான் வரைபடத்தில் புள்ளி வைப்போம்.

பணம் எதற்கெல்லாம் போகும்? நல்ல ஸ்கேனர், சட்டையில் மாட்டும் மைக், பழைய கேசட்டுகளை ஓட்ட வேலை செய்கிற ஒரு பிளேயர். பதிவு எடுக்கவும் எழுத்தாக்கவும் ஊரிலுள்ள இளைஞர்களுக்குப் பயிற்சியும் கூலியும். எழுத்தாக்குவதுதான் பெரிய வேலை, பெரிய செலவும் அதுதான். பிறகு சேமிப்பு: ஆவணக் காப்பகங்கள் பரிந்துரைக்கிற 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிபி பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி, இரு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில் என்று வைக்கப்போகிறோம்.

சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வரைபடம் யாருடைய நில உரிமைக்கும் ஆதாரம் ஆகாது. எல்லைக் கோடு எதுவும் அதில் இருக்காது. யாருடைய பேச்சையும் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட மாட்டோம். “என் காலத்துக்குப் பிறகு போடுங்கள்” என்று சொன்னால் அப்படியே. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்போம். நன்கொடையாளர் பெயர்களை எங்கும் பொறிக்கப் போவதில்லை. ஆனால் ரசீது கட்டாயம் உண்டு. குழுவில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் உங்களுக்கு வந்துசேரும்.

ஊரைவிட்டு வந்தது நாம் மட்டுமில்லை. 1950-இல் உலக மக்களில் நூற்றுக்கு 30 பேர்தான் நகரங்களில் இருந்தார்கள். 2018-இல் அது 55 ஆனது என்கிறது ஐ.நா. அறிக்கை. இத்தனை பேருடைய ஊர்களையும் நம்மால் எழுதி வைக்க முடியாது. நம் ஊரை நம்மால் முடியும். வெளியாள் எவராலும் அந்த வளைவில் நின்று அந்தக் கல்லைக் காட்ட முடியாது.

தொகை எவ்வளவானாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம். ஒரே தடவையாகத் தர முடியாதவர்கள் மாதாமாதம் சிறிது தரலாம். பணம் தர இயலாதவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கி, பெரியவர் ஒருவரோடு நடந்து பதிவு எடுத்துத் தாருங்கள். மைக் நாங்கள் தருகிறோம். குழுவில் உங்களுக்குத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் நடமாட்டத்தோடு இருந்தால், பணத்துக்கு முன்னால் அந்தத் தகவலைச் சொல்லுங்கள். அவருக்குத் தோதான நாளைக் கேட்டு இந்த வாரமே வருகிறோம்.

அன்புடன்,
குழுவினர்