பாக்ஹெட் பார்க்கில் குடியிருப்பவர்களுக்கு ஒரு மடல்

ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் ஊரில், பழைய பாக்ஹெட் பார்க் மைதானம் இருந்த இடத்தில் வீடு வாங்கிக் குடியிருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீடுகள் நிற்கும் மண்ணில்தான் 1879 முதல் 2000 வரை, 121 வருஷம், டம்பார்ட்டன் அணி கால்பந்து ஆடியது. அதை வைத்து உங்களிடம் ஓர் உதவி கேட்க வந்திருக்கிறேன்.

அங்கே குடிவந்த நான்காம் வருஷமே, 1883இல், அணி ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. 1890-91இல் அந்த நாட்டில் முதன்முதலாக லீக் தொடங்கியபோது டம்பார்ட்டனும் ரேஞ்சர்ஸும் ஆளுக்கு 29 புள்ளி. தீர்த்துக்கொள்ள வைத்த ஆட்டமும் 2-2. சரி, இருவருமே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். மறு வருஷம் பங்காளி யாரும் இல்லாமல் டம்பார்ட்டனே பட்டத்தைத் தூக்கியது. கப்பல் பட்டறையை நம்பிப் பிழைத்த சின்ன ஊர் அது! 1893இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றானதும் காசுள்ள அணிகளின் கை ஓங்கியது. அப்புறம் அந்தப் பட்டம் இந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். வெறும் 80 பேர் உட்காரும் ஒரு குட்டி மேடைதான் அங்கே நெடுங்காலம் இருந்தது. 1957 மார்ச்சில் ரெய்த் ரோவர்ஸோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 18,001 பேர். மேடையில் இடம் கிடைத்தவர்கள் போக மற்ற அத்தனை பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றே பார்த்திருப்பார்கள். பதினெட்டாயிரம் என்று முடித்துவிடாமல் அந்த ஒருவரையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

நிலத்தை விற்ற கிளப்பை நான் குறை சொல்லவில்லை. மைதானம் பழசாகிப்போயிருந்தது. இப்போது அணி டம்பார்ட்டன் பாறையின் அடியில் ஆடுகிறது. 1963இல் மூடப்பட்ட டென்னி கப்பல் பட்டறையின் நிலம் அது.

நான் கேட்பது இதுதான். பாக்ஹெட்டில் நின்று ஆட்டம் பார்த்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிவந்து உங்கள் தெருக்களில் மெதுவாக நடக்கவிடுங்கள். கோல் கம்பம் எந்த வீட்டுக் கொல்லையில் வருகிறது, நடுக்கோடு யார் வாசலைத் தாண்டிப் போகிறது, அந்தக் குட்டி மேடை எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கடைசி ஆட்டம் முடிந்தே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்