"மேரெக்ஸ் தடுப்பூசி போட்டது" என்று சொல்லி விற்ற குஞ்சுகள் பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர், குஞ்சு பொரிப்பகம்

பொருள்: தடுப்பூசிக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்ற குஞ்சுகளுக்கு மேரெக்ஸ் நோய் வந்தது, அதுபற்றி நீங்கள் தந்த முரண்பட்ட பதில்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் ஒரு நாள் குஞ்சுகளாக வாங்கிய கோழிகளில் பாதிக்கு மேல் இப்போது உயிரோடு இல்லை. கோழிகளுக்குக் கால் வாதமும் உள்ளே கட்டிகளும் வரவைக்கும் மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார், ஆய்வக அறிக்கையும் அதையே சொல்கிறது. உங்கள் பில்லில் "மேரெக்ஸ் தடுப்பூசி போடப்பட்டது" என்று அச்சடித்திருக்கிறது. அதற்கென்று குஞ்சுக்கு இவ்வளவு என்று தனியாகக் காசும் வாங்கியிருக்கிறீர்கள். கோழி செத்ததற்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை, கோழி வளர்ப்பவர்களுக்குச் சாவு புதிதில்லை. போட்டதாகச் சொல்லும் ஊசியை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு உங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்களே, அதுதான் என் புகார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் விழுந்தது ஒரு கறுப்புப் பெட்டை. மூன்று மாதம் தாண்டி, கொண்டை சிவக்கத் தொடங்கியிருந்த வயது. காலையில் கூண்டைத் திறந்தால் முதல் ஆளாகக் குதித்து வெளியே வருவது, அன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் ஒரு கால் முன்னால் நீள்கிறது, இன்னொரு கால் பின்னால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. கண் தெளிவாக இருக்கிறது, தீவனத் தட்டை மூக்குக்கு நேராக வைத்தால் ஆசையாகக் கொத்துகிறது, தட்டு அரை அடி தள்ளிப் போனால் எட்ட முடியவில்லை. இறக்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்ததில் நெஞ்சுப் பக்கம் சிறகெல்லாம் தேய்ந்து தோல் தெரிந்தது. மற்ற கோழிகள் அதன் முதுகில் ஏறி நின்றுகொண்டு தின்னும், போகிற போக்கில் கொண்டையில் ஒரு கொத்து கொத்திவிட்டும் போகும். தனியாக ஒரு பெட்டியில் வைத்து, தண்ணீரும் தீவனமும் எட்டும்படி வைத்து, இரண்டு வேளையும் கீழே இருக்கும் கூளத்தை மாற்றிக்கொண்டிருந்தோம்.

அப்போது உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை இல்லை. கால்சியம் குறைவு என்றார். கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டபோது வேறொருவர் எடுத்து, அது வைட்டமின் பி2 பற்றாக்குறை, பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து கொடுங்கள், சரியாகிவிடும் என்றார். பி2 குறைந்தால் வருவது விரல்கள் உள்பக்கமாகச் சுருளும் வாதம், அது பெரும்பாலும் இரண்டு மூன்று வார வயதுக் குஞ்சுகளில் தெரியும். என் பெட்டைக்கு வயது மூன்று மாதத்துக்கு மேல், விரல் சுருளவே இல்லை, ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் என்று நான் தெளிவாகச் சொன்னேன். கோழி விற்கும் நிறுவனத்தில் போன் எடுப்பவருக்கு இந்த ஒரு வரியைக் கேட்டதும் மேரெக்ஸ் என்ற பெயர் நினைவுக்கு வரவில்லை என்றால் என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்? இதில் அவர் வேறு, "இதெல்லாம் இப்போ புதுசா பரவுற நோய்ங்க" என்றார். ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் இந்தக் கால் வாதத்தைச் சேவல்களில் பார்த்து எழுதியது 1907இல். தடுப்பூசி வந்தே ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அப்புறம் வரிசையாகத் தொடங்கியது. ஒன்றுக்குக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை தொங்கிப்போய், தின்றது கீழே இறங்காமல் நாளுக்கு நாள் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. இன்னொன்றுக்கு ஒரு கண்ணின் கருவிழிச் சுற்று சாம்பல் நிறமாகி, நடுவில் இருக்கும் கண் பாப்பா வட்டம் கெட்டுக் கோணலாகிவிட்டது, அந்தப் பக்கம் கையை ஆட்டினால் தெரியவில்லை. சில கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமல், முதல் நாள் மாலை தின்றுவிட்டு அடைந்தவை, காலையில் கிடந்தன. செத்ததில் பெரும்பாலும் பெட்டைகள். இந்த நோயில் பெட்டைகள்தான் அதிகம் பாதிக்கப்படும் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

அறுத்துப் பார்க்கும்போது நானும் கூட இருந்தேன். தொடைச் சதையை விலக்கி இரண்டு பக்கத்து இடுப்பு நரம்பையும் எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் நூல் மாதிரி மெல்லிசாக, வெள்ளையாக, குறுக்கே நுண்ணிய பளபளப்புக் கோடுகளோடு இருந்தது. மறுபக்கம் அதைவிடத் தடித்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், கோடே இல்லாமல் ஊறிப்போன மாதிரி. ஈரல் வழக்கத்தைவிடப் பெரிதாகி, மேலே வெளிறிய கட்டிகள். மண்ணீரலும் வீங்கியிருந்தது. லிம்பாய்ட் லூக்கோசிஸ் என்று இன்னொரு நோயிலும் ஈரலில் இப்படிக் கட்டி வரும், ஆனால் அதில் நரம்பு தடிப்பதில்லை, வயதும் பொதுவாக இன்னும் கூட இருக்கும் என்று விளக்கினார். திசு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதியும் செய்தாயிற்று. அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில் போனில். "எல்லாத் தடுப்பு மருந்தும் குடிதண்ணீரில் கலந்து கொடுத்துட்டுத்தான் அனுப்புறோம்." வெள்ளைக்கழிச்சல், கம்போரோ போன்ற கோழி நோய்களுக்குத் தண்ணீரில் கொடுப்பது உண்டு. மேரெக்ஸுக்குக் கிடையாது. அது ஊசியாகத்தான் போக வேண்டும், பொரித்த அன்றே கழுத்தின் பின்புறத் தோலுக்கு அடியில். பெரிய பொரிப்பகங்களில் 18ஆம் நாள் வாக்கில், குஞ்சு வெளியே வருமுன்பே, இயந்திரம் வைத்து முட்டைக்குள் போடுகிறார்கள். தண்ணீரில் கலந்து கொடுத்தோம் என்று சொல்வது போடவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

இதைச் சொன்னதும் இரண்டாவது பதில் வந்தது. இல்லை இல்லை, ஊசிதான் போட்டோம், ஒரு பாட்டிலில் 1000 குஞ்சுக்கான மருந்து இருக்கும், எங்களிடம் ஒரே நாளில் அவ்வளவு பொரிக்காது, அதனால் கலக்கிய மருந்தைப் பிரிட்ஜில் வைத்து அடுத்தடுத்துப் பொரிக்கும் ஈட்டுக்கும் (தொகுதிக்கும்) போடுவோம் என்று, ஏதோ சிக்கனத்தைப் பாராட்டச் சொல்வதுபோல், உங்கள் மேற்பார்வையாளரே சொன்னார். மேரெக்ஸ் மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். சில வகைகளைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். வான்கோழி ஹெர்ப்பிஸ் வைரஸில் செய்த உலர் மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம், ஆனால் அதற்கென்று தரும் கரைப்பானில் கலக்கிய பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு நீங்கள் போட்டது வெறும் கரைசல்தான். நான் வாங்கியவை எந்த ஈடு, பாட்டில் திறந்த அன்று போட்டவையா, அதற்குப் பிறகா? கேட்டேன். பதிவேட்டில் பார்த்துச் சொல்கிறோம் என்றீர்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

மூன்றாவது பதில் மின்னஞ்சலில் வந்தது, இதில் அறிவியல் வேறு. தாய்க்கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம், எதிர்ப்புச் சக்தி முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும், ஆனால் அது மூன்று வாரம் போலத்தான் நிற்கும், ஊசிக்கு ஈடாகாது. அப்படியே எடுத்துக்கொண்டாலும், தாய்க்குப் போட்ட ஊசிக்கு என்னிடம் ஏன் குஞ்சுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினீர்கள்?

அதே மின்னஞ்சலின் கடைசியில், நோய்க் கிருமி எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த கோழிகளிடமிருந்து வந்திருக்கும், எனவே நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. வந்திருக்கலாம், மறுக்கவில்லை. இந்த வைரஸ் முட்டை வழியாக வருவதில்லை. நோய் தொற்றிய கோழியின் சிறகுக் குழிகளில் வளர்ந்து, செதில் தூளோடு உதிர்ந்து, காற்றில் கலந்து மூச்சு வழியாக அடுத்த கோழிக்குப் போகிறது. கோழி இருக்கும் இடமெல்லாம் அது இருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தானே ஊசி? குடை விற்றவர், ஒழுகுகிறது என்று திருப்பிக் கொண்டுபோனால், மழை உங்கள் பக்கம் பெய்தது, எங்கள் தவறில்லை என்று சொல்வது மாதிரி இருக்கிறது உங்கள் பேச்சு.

நியாயத்துக்கு இதையும் சொல்கிறேன். சரியாகப் போட்ட ஊசியும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது. அது கட்டியையும் வாதத்தையும் தடுக்கும், கிருமி தொற்றுவதையும், தொற்றிய கோழி கிருமியை உதிர்ப்பதையும் முழுசாகத் தடுக்காது. ஊசி போட்ட கோழி பார்க்க நன்றாக இருந்துகொண்டே மற்றவற்றுக்குப் பரப்பலாம். ஒன்றிரண்டு செத்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் உங்கள் விளம்பரம் என்ன சொல்கிறது? "100% பாதுகாப்பு, வந்த அன்றே மற்ற கோழிகளுடன் விடலாம்." போட்ட ஊசி வேலை செய்யத் தொடங்கவே ஒரு வாரமாவது வேண்டும், அதுவரை பெரிய கோழிகளின் தூசி படாமல் தனியே வைக்க வேண்டும், முடிந்தால் இன்னும் சில வாரம். நான் விளம்பரத்தை நம்பாமல் தனி அறையில் வைத்துத்தான் வளர்த்தேன். நம்பி அன்றைக்கே சேர்த்து விட்டவர்கள் எத்தனை பேரோ.

இழப்பீடாகப் புதுக் குஞ்சுகள் இலவசமாகத் தருகிறோம் என்றீர்கள். வேண்டாம். செதில் தூளில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கூளத்தையெல்லாம் அள்ளி, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக் கூட்டி, சுவர், சட்டம், வலை எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கிருமிநாசினி அடித்தாயிற்று, அப்படியும் இடுக்கில் கிடக்கும் தூசிக்கு யார் உத்தரவாதம்? அந்தக் கொட்டகையில், ஊசி போட்டீர்களா இல்லையா என்று உங்களுக்கே தெரியாத குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் இதே கதைதான். பிழைத்த கோழிகள் இருக்கின்றன, அவை ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும் என்பதால் யாருக்கும் கொடுப்பதில்லை, விற்பதுமில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் இரத்தக் கழிச்சல் வேறு எட்டிப் பார்க்கிறது. மனிதர்களுக்கு இது தொற்றாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

எனக்கு வேண்டியது இதுதான். நான் வாங்கிய ஈட்டுக்குப் போட்ட மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, பாட்டிலைக் கலக்கிய நேரம், போட்ட நேரம், இவை எழுதிய பதிவேட்டின் நகல். அப்படி ஒரு பதிவேடே இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். தடுப்பூசிக்கென்று வாங்கிய தனிக் கட்டணத்தையும், அறுத்துப் பார்த்ததற்கும் ஆய்வகத்துக்கும் ஆன செலவையும் திருப்பித் தாருங்கள், பில்கள் இணைப்பில் உள்ளன. கோழிகளின் விலையை நான் கேட்கவில்லை. என் குஞ்சுகளோடு அதே ஈட்டில் வாங்கிய மற்றவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் கால் இழுக்கும் பெட்டைக்கு யாராவது இப்போது கால்சியம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அதைவிட முக்கியம், அந்தக் கோழிகளைத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் கைமாற்றிக்கொண்டும் இருப்பார்கள். விளம்பரத்தில் இருக்கும் "100% பாதுகாப்பு", "அன்றே விடலாம்" இரண்டையும் எடுங்கள்.

சிறு பொரிப்பகத்துக்கு 1000 குஞ்சு பாட்டில் கட்டுப்படியாகாது என்பது எனக்கும் புரிகிறது. கட்டுப்படியாகாவிட்டால் ஊசி போடவில்லை என்று சொல்லி விற்கலாம், வாங்குபவர் பார்த்துக்கொள்வார். பலர் அப்படி நேர்மையாக விற்கத்தான் செய்கிறார்கள்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் இனி நான் பேசுவதாக இல்லை. இரண்டு வாரத்துக்குள் பதிவேட்டு நகல் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் உங்கள் மூன்று பதில்களையும் சேர்த்து நுகர்வோர் நீதிமன்றத்தில் கொடுப்பேன். கால்நடைத் துறைக்கும் ஒரு நகல் போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பிரேதப் பரிசோதனைக் குறிப்பு, ஆய்வக அறிக்கை, செலவு ரசீதுகள், உங்கள் மின்னஞ்சலின் அச்சுப்படி, விளம்பரத்தின் படம்