விலாசம் என்ற கட்டத்தை நிரப்ப: ஆறு அறைகளுக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆண்டு நீதிமன்ற வராந்தாவில் எங்கள் குழுவைச் சேர்ந்த இருவர் ஒரு பெரியவரோடு காத்திருந்தார்கள். மூடிய கடை வாசலில் படுத்தார், எழுப்பியபோது கத்தினார். வழக்கு இவ்வளவுதான். ஜாமீன் கொடுப்பதில் நீதிபதிக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. எழுத்தர் விலாசம் கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருபது வருடத்துக்கு முன்னால் குடியிருந்த தெருவின் பெயரைச் சொன்னார். அந்த வீடு இப்போது இல்லை. ஜாமீன் நிற்கவும் ஆள் இல்லை. அவர் திரும்பவும் உள்ளே போனார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

விலாசம் கேட்கும் இடம் நீதிமன்றம் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அனுப்பும்போது கேட்கிறார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் கேட்கிறார்கள். தொலைந்துபோன அடையாள அட்டையை மறுபடி வாங்கப் போனால், அங்கேயும் படிவத்தில் முதலில் வருவது அதுதான். மனநோயோடு தெருவில் இருப்பவர் இந்த ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் தெரு, ஆஸ்பத்திரி, லாக்கப், மறுபடி தெரு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம். ஆறு பேருக்கு ஆறு தனி அறைகள், அவரவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம், அவர்களுக்குத் துணையாக முழுநேரம் வேலை பார்க்க இரண்டு பேர். வேறு பெரிய திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை.

"மருந்து கொடுத்தால் போதாதா, வீடு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். நடைபாதையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மனச்சிதைவு நோய்க்கு, அதாவது இல்லாத குரல்கள் கேட்பது போன்ற தொல்லைகள் தரும் நோய்க்கு, கொடுக்கும் பல மாத்திரைகள் ஆளைத் தூக்கத்தில் அமுக்கிவிடும். கதவைத் தாழிட்டுப் படுப்பவருக்கு அது நல்லது. வெட்டவெளியில் படுப்பவர் அடித்துப்போட்டது போலத் தூங்க முடியுமா? பை போகும், செருப்பு போகும். பெண்ணாக இருந்தால் என்னென்ன நடக்கும் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. ஆக, விழித்திருப்பதற்காகவே மாத்திரையை நிறுத்துகிறார்கள். அப்புறம் தூக்கம் போகிறது. அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்குச் சில இரவுகள் தூக்கம் கெட்டாலே நோய் மறுபடி கிளம்பிவிடக்கூடும். அந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். வேறு சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து, வெயிலைத் தாங்க விடாமல் செய்துவிடும். நிழலும் குழாயும் இல்லாத இடத்தில் இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது? கடைசியில் கோப்பில் "மருந்து உட்கொள்ள ஒத்துழைப்பதில்லை" என்று ஒரு வரி ஏறும். காரணம் எதுவும் அதில் ஏறாது.

வழக்கு விஷயமும் இதே மாதிரிதான். எங்களிடம் வந்தவர்கள் மீது இருந்தவை பெரும்பாலும் சில்லறை வழக்குகள். அத்துமீறி நுழைந்தது, பொது இடத்தில் கூச்சல் போட்டது, பயணச்சீட்டு இல்லாமல் ஏறியது, பசிக்கு எதையோ எடுத்தது. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டியவை. ஆனால் வாய்தா தேதி எழுதிய காகிதம் மழையில் நனைந்துபோகிறது. அல்லது காதுக்குள் குரல்கள் விடாமல் பேசும் ஒரு நாளில் அந்தத் தேதி வந்து போய்விடுகிறது. ஆள் வரவில்லை என்றால் பிடிவாரண்ட். அப்புறம் அவர் "தலைமறைவானவர்". தினமும் அதே பேருந்து நிறுத்தத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்த மனிதர்! அடுத்த முறை ஜாமீன் கேட்டால் அந்த ஒரு சொல்லே அவருக்கு எதிராக நிற்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால் அசாமில் நடந்ததைப் பாருங்கள். 1951-இல் கைதான ஒருவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று 1967-இலேயே மருத்துவர்கள் சான்று கொடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 2005-இல், 54 வருடம் கழித்து, வெளியே வந்தார். விடுவிக்க அவரிடம் வாங்கிய பிணை ஒரு ரூபாய்க்கு. இத்தனைக்கும் யாரும் திட்டமிட்டு அவருக்குக் கொடுமை செய்ததாகத் தெரியவில்லை. அவருடைய கோப்பு எங்கே என்று போய்க் கேட்க வெளியே ஆள் இல்லை.

அதனால்தான் துணையாக இருக்கும் அந்த இரண்டு பேரின் சம்பளத்தை நாங்கள் வாடகைக்குச் சமமாக மதிக்கிறோம். வாய்தாவுக்கு முதல் நாள் நினைவுபடுத்துவது, அன்று கூடவே போவது, வக்கீலிடம் மருந்துச் சீட்டைக் காட்டி நிலைமையை விளக்குவது, மாதாந்தர ஊசிக்கு அழைத்துப் போவது, இதெல்லாம் அவர்கள் வேலை. சிறையிலிருந்து ஒருவர் வெளிவரும் நாளில் வாசலில் போய் நிற்பதும்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஒரு ஆய்வு வெளியானது. மனநோய் உள்ளவர்களை மட்டுமல்ல, விடுதலையான எல்லோரையும் எடுத்துக்கொண்ட ஆய்வு அது. வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய இறப்பு அபாயம் மற்ற மக்களைவிட 12 மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த இரண்டு வாரங்களுக்காகவாவது ஒரு ஆள் வேண்டும்.

சரி, வீட்டை முதலில் கொடுப்பது பலன் தருமா? இந்த யோசனை எங்களுடையது அல்ல. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. "முதலில் குடியை விடு, மருந்து சாப்பிடு, ஒழுங்காக நட, அப்புறம் வீடு" என்ற வரிசையை அவர் திருப்பிப் போட்டார். சாவியை முதலில் கொடுத்தார். கனடாவில் 2009 முதல் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 2,000 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 31 சதவீதம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நோயின் அறிகுறிகள் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு நோயைத் தீர்ப்பதில்லை. அதோடு, வீடு பெற்றவர்களிலும் சிலர் நிலைக்கவில்லை. எங்கள் ஆறு பேரிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அப்போது "உங்கள் பணம் வீணாகிவிட்டதா?" என்று கேட்பீர்கள். வீண் என்று நாங்கள் நினைக்க மாட்டோம். ஆனால் நடந்ததை உங்களிடம் சொல்வோம்.

எங்கள் பழைய தவறையும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு பொதுக்கூடம் எடுத்து இரவு விடுதி நடத்தினோம். சுவரில் பெரிய விதிப்பலகை. எட்டு மணிக்குள் வர வேண்டும், சத்தம் கூடாது, மாத்திரையை எங்கள் எதிரிலேயே விழுங்க வேண்டும். யாருக்கு இடம் மிக அவசியமோ அவரே முதல் வாரத்தில் வெளியே போனார். குரல்களோடு போராடுபவரை முப்பது பேரோடு ஒரே கூடத்தில் படுக்க வைத்துவிட்டு அமைதியாக இருக்கச் சொன்னது எங்கள் முட்டாள்தனம். விடுதியை மூடிவிட்டோம். அந்தப் பலகை இன்னும் எங்கள் அலுவலகப் பரணில் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். நீங்கள் தருவது அறை வாடகை, முன்பணம், இரண்டு பேர் சம்பளம், படுக்கை, அடுப்பு, பூட்டு என்று போகும். இவை எல்லோருக்கும் எளிதில் புரியும். போன கூட்டத்தில் சண்டை வந்தது இன்னொரு செலவுக்கு. அறையில் இருப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ உள்ளே போனாலோ, மூன்று மாதம் வரை அவருடைய காலி அறைக்கு நாங்கள் வாடகை கட்டிக்கொண்டே இருப்போம். ஆளில்லாத அறைக்கு எதற்குப் பணம் என்று பொருளாளரே கேட்டார். அறையை விட்டுவிட்டால் அவர் திரும்பி வரும் நாளில் விலாசம் மறுபடி காலியாகிவிடும். தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார். இந்தச் செலவில் உடன்பாடு இல்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டோம்.

பழைய துணி வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பீரோ நிறைய இருக்கிறது. ஒருமுறை தரும் பெரிய தொகையைவிட மாதாமாதம் வரும் சின்னத் தொகைதான் எங்களுக்குத் தைரியம் தருகிறது, ஏனென்றால் வாடகை மாதாமாதம் வருகிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு அறையின் வாடகையை ஏற்றுக்கொண்டாலும் சந்தோஷம். ஆனால் அந்த அறையில் யார் இருக்கிறார் என்று சொல்ல மாட்டோம். தாடியும் அழுக்குமாக ஒரு படம், சவரம் செய்து சிரித்தபடி ஒரு படம் என்று அனுப்பவும் மாட்டோம். நன்கொடை கொடுத்தவர் பார்ப்பதற்காக யாரும் சிரிக்க வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கு வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீது வாரியாக வரும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்களே என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை; மற்றவர்களிடம் அடிவாங்குவதுதான் அதிகம். இதைச் சொன்னால் மட்டும் பயம் போகாது என்பதும் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டடத்திலும் எங்கள் ஆட்களின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவைப்போம். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார்கள்.

முதல் இரண்டு அறைகளுக்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மீதி நான்கையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பணமாகத் தர முடியாதவர்கள், வாடகைக்கு விட ஒரு அறை இருந்தால் சொல்லுங்கள். நீதிமன்ற வேலை தெரிந்தவர்கள் வாரத்தில் அரை நாள் தந்தாலும் போதும். குழு உறுப்பினர் எவரிடமும் பணம் கொடுக்கலாம். அப்போதே ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் சொன்ன பெரியவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அவருடைய அடுத்த வாய்தாவுக்குள் முதல் அறை தயாராகிவிட்டால், எழுத்தரிடம் சொல்ல அவருக்கு ஒரு கதவு எண் இருக்கும்.

இப்படிக்கு,
அறைத் திட்டக் குழுவினர்