‘வளர்ச்சி இல்லை’ என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமல்ல: கண் மருத்துவர்களுக்கு லேபிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பும் ஸ்வாப்கள் (மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகள்) வந்து சேரும் நுண்ணுயிரியல் லேபிலிருந்து எழுதுகிறேன். கூடவே வரும் படிவத்தில் பெரும்பாலும் ‘கண் சீழ், கல்ச்சர்’ என்பதோடு சரி. கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் போகிறது. உங்கள் பக்கம் சொட்டு மருந்து மாறுகிறது, சிவப்பு மட்டும் மாறுவதில்லை.

இப்படி ஆறாத கண்வலிக்குக் கிளமிடியா என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம். அது உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் பெருகும். சாதாரண அகார் தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் முளைக்காது. எனவே அந்த ரிப்போர்ட் கிளமிடியாவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அடினோ வைரஸ் கண்வலி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அதையும் தாண்டி, அதுவும் ஒரு கண்ணிலேயே இழுத்துக்கொண்டு போனால் கிளமிடியாவைச் சந்தேகப்படுங்கள். கீழிமையை மடக்கிப் பாருங்கள். பெரிய பெரிய ஃபாலிக்கிள்கள் (இமைச் சவ்வில் எழும் சிறு மேடுகள்) வரிசையாகத் தெரியலாம். காதுக்கு முன்னால் ஒரு நெறிக்கட்டியும் கைக்குத் தட்டுப்படலாம்.

அப்புறம், மாதிரி எடுக்கும் விதம். எங்களுக்குச் சீழ் வேண்டாம், செல் வேண்டும். சீழில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளணுக்கள். கிருமியோ இமைச் சவ்வின் மேல்தோல் செல்லுக்குள் குடியிருக்கிறது. முதலில் சீழைத் துடைத்துவிட்டு, பி.சி.ஆர். (கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனை) கிட்டோடு வரும் ஸ்வாபால் கீழிமையின் உள்பக்கத்தை அழுத்தி உருட்டி எடுங்கள். நோயாளி கொஞ்சம் முகம் சுளித்தால்தான் மாதிரி சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்! மரக்குச்சி ஸ்வாப் வேண்டாம், அது பரிசோதனையைக் கெடுக்கக்கூடும்.

மாதிரிக்கு ஜீம்சா சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1907இல் ஹால்பர்ஸ்டாட்டர், புரோவாசெக் என்ற ஆய்வாளர்கள் செல்லுக்குள் இருக்கும் கிளமிடியாவின் திட்டுகளைக் கண்டது இந்தச் சாயத்தால்தான். பச்சிளம் குழந்தைகளுக்கு இன்றும் நன்றாகவே உதவுகிறது. பெரியவர்களிடம் அடிக்கடி கோட்டைவிடும். அதனால் பி.சி.ஆர். கேளுங்கள். ஆனால் கடையில் கிடைக்கும் கிட்கள் பல, பிறப்புறுப்பு மாதிரிக்கும் சிறுநீருக்கும் அனுமதி பெற்றவை. கண் மாதிரிக்குச் சரிபார்த்திருக்கிறார்களா என்று உங்கள் லேபிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: வழக்கமான கிட், டிரக்கோமாவை (இமையில் தழும்பு விழவைத்துப் பார்வையைப் பறிக்கும் கண்நோய்) உண்டாக்கும் ஏ முதல் சி வரையிலான வகைகளையும் பாலுறவில் தொற்றும் டி முதல் கே வரையிலான வகைகளையும் பிரித்துச் சொல்லாது. மேலிமையைத் திருப்பி, தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பிறந்த குழந்தை விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். கிளமிடியா பொதுவாக 5 முதல் 14 நாளுக்குள் தலைகாட்டும். பாலுறவில் தொற்றும் இன்னொரு கிருமியான கொனோரியா அதற்கும் முன்பே வந்து கருவிழியை ஓட்டையாக்கிவிடக்கூடும். இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதால் கொனோரியாவைக் காட்டும் கிராம் சாயம் அன்றைக்கே போட வேண்டும். ஃபாலிக்கிள் இல்லையே என்று கிளமிடியாவை ஒதுக்கிவிடாதீர்கள், அந்த வயதில் ஃபாலிக்கிள் உருவாகவே செய்யாது. உறுதியானால் சொட்டு மருந்து போதாது, வாய்வழி மருந்து வேண்டும். இதே கிருமி சில வாரங்கள் கழித்து நிமோனியாவாக வருவதுண்டு. தாயையும் அவருடைய துணைவரையும் பரிசோதிக்க வேண்டும்.

பெரியவர்களிடம் பாலுறவு பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் கண்ணில் பாசிட்டிவ் வந்தவருக்குப் பிறப்புறுப்பிலும் தொற்று இருக்கலாம், எந்த அறிகுறியும் இல்லாமலே. கண்ணை மட்டும் ஆற்றி அனுப்பினால், துணையிடமிருந்து திரும்பத் தொற்றிக்கொண்டு வருவார். சிகிச்சை முடிந்த கையோடு மறுபடி பி.சி.ஆர். அனுப்பாதீர்கள், செத்த கிருமியின் டி.என்.ஏ.வே பாசிட்டிவ் காட்டிவிடும், சில வாரம் போகட்டும்.

அடுத்த முறை படிவத்தில் ‘கண் சீழ்’ என்பதற்குப் பதிலாக எத்தனை வாரமாக, ஒரு கண்ணா இரு கண்ணா, என்ன சொட்டு ஏற்கெனவே போட்டாயிற்று என்று எழுதுங்கள். ‘கிளமிடியா பி.சி.ஆர்.’ என்று தனியாகக் குறிப்பிடுங்கள். குழந்தையின் மாதிரி என்றால் அனுப்பும் முன் போன் செய்யுங்கள், மற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் எடுக்கிறோம்.

இப்படிக்கு,
லேபில் இருக்கும் உங்கள் சக ஊழியர்