கணினிக் கூடத்தில் ஓர் இரட்டைத் தாவலுக்கு இடம் கொடுங்கள்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், கணினிக் கூடங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய கணினிக் கூடத்துக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது. பாதணிகளை வெளியே விடவும். உணவு கொண்டுவர வேண்டாம். கணினியில் விளையாடுவது முற்றாகத் தடை. முதலிரண்டும் நியாயம். மழை நாளில் சேறும் அட்டையும் ஒட்டிய சப்பாத்தோடு ஒரு பிள்ளை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வருவதை நானும் விரும்பமாட்டேன். மூன்றாவது வரியைப் பற்றித்தான் இந்த மடல். அதைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்கிறேன்: “தானே செய்த விளையாட்டை ஆடலாம்.”

நான் ஹட்டனில் பின்னேர வகுப்பு நடத்தும் கணித ஆசிரியன். சாதாரண தரத்துக்கு இருபடிச் சார்பின் வரைபைக் கற்பிக்கத் தொடங்கியதும், “சேர், இது எதற்கு உதவும்?” என்ற கேள்வி தவறாமல் வந்துவிடும். பாலம், விண்கலம், கிரிக்கெட் பந்து என்று புத்தகம் சொல்லும் விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ஆனால் கேள்வி கேட்ட அதே பையன் முதல் நாள் இரவு அக்காவின் கைத்தொலைபேசியில் ஒரு பொம்மை மனிதனைப் பள்ளத்துக்கு மேலாகத் தாவ வைத்துக்கொண்டிருந்திருப்பான். அந்தப் பொம்மை போகும் பாதை அச்சொட்டாக ஒரு பரவளைவு. பெருவிரலால் நூறு தடவை வரைந்துவிட்டு, வகுப்பில் வந்து அது எதற்கு என்று கேட்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? இரண்டும் ஒன்றுதான் என்று நாம் அவனுக்குச் சொல்லவேயில்லையே.

ஆகவே என் கோரிக்கை இது. தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு தவணையில் சில பாடவேளைகளை ஒதுக்கி, தாவும் விளையாட்டு ஒன்றை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதில் இரட்டைத் தாவல் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் ‘டபுள் ஜம்ப்’ என்பார்கள். தாவி அந்தரத்தில் இருக்கும்போதே பொத்தானை மீண்டும் அழுத்தினால், கால் வைக்க எதுவும் இல்லாத இடத்திலிருந்து இன்னொரு முறை எழும்புவது. எத்தனையோ அசைவுகள் இருக்க இதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பானேன் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

கணினி விளையாட்டுகளில் தாவல் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 1980இல் வந்த ஸ்பேஸ் பேனிக்கில் அடுக்கடுக்காகத் தளங்கள் இருந்தன, ஏறி இறங்க ஏணிகள் இருந்தன, தாவப் பொத்தான் மட்டும் இல்லை. அடுத்த ஆண்டு நின்டெண்டோ நிறுவனத்துக்காக ஷிகெரு மியமோட்டோ வடிவமைத்த டொங்கி கொங் வந்தது. உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி ஒரு தச்சன் தாவினான். பிற்பாடு மாரியோ என்று உலகமே அறிந்துகொண்டது அவனைத்தான். ஆனால் அது மரக்கட்டைத் தாவல். கால் தரையை விட்டால் விட்டதுதான். திரும்ப முடியாது, உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1985இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இதை இளக்கியது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் உயரத் தாவினான், சட்டென்று விட்டால் குட்டித் தாவல், அந்தரத்திலும் ஓரளவு திசை மாற்றினான்.

இரட்டைத் தாவலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தலைகாட்டியது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் நாணயம் போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக வெளியிட்ட டிராகன் பஸ்டர்தான் அதற்கு முன்னோடி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அரசகுமாரியை மீட்கப் புறப்பட்ட வாள்வீரன் ஒருவன் காற்றையே படியாக மிதித்து எழும்பினான். பௌதிகவியல்படி இது சுத்தப் பித்தலாட்டம். மிதிக்க எதுவும் இல்லாதபோது எதிர்த்தாக்கம் எங்கிருந்து வரும்? நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த ஆசிரியர் எவரும் இதற்குச் சிவப்புப் பேனையால் கோடு போடுவார். ஆனாலும் ஆடியவர் எவரும் ஆட்சேபிக்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அது போகாத விளையாட்டு வகையே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஏன் பிடித்துப்போனது? இதற்கு நான் காட்டும் உதாரணம் 1991இல் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கௌல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ். அதில் ஆர்தர் என்ற வீரன் பழைய மரக்கட்டைத் தாவல்தான் தாவுவான். புறப்பட்ட பிறகு அவனை அசைக்க முடியாது. ஆனால் இரண்டாவது தாவலை எந்தப் பக்கமும் திருப்பலாம். வலப்பக்கம் பாய்ந்தவன், அங்கே ஒரு பேய் முளைப்பதைக் கண்டு, அந்தரத்திலேயே இடப்பக்கம் பின்வாங்கிவிடுவான். சாதாரணத் தாவலில் முடிவு எடுக்கும் நேரம் கால் தரையை விடும் கணத்தோடு முடிந்துபோகிறது; மிச்ச நேரம் முழுக்க வேடிக்கை பார்ப்பதுதான். இரட்டைத் தாவல் அந்த வெற்று நேரத்துக்குள் இன்னொரு முடிவை வைக்கிறது. இப்போதே அழுத்தவா, இன்னும் கொஞ்சம் பொறுக்கவா? கை வியர்ப்பது அங்கேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 1997இல் வந்த காசில்வேனியா: சிம்பொனி ஒஃப் த நைட் போன்றவற்றில் இரட்டைத் தாவல் ஆரம்பத்தில் கிடைக்காது, பாதி வழியில்தான் கிடைக்கும். கிடைத்ததும் அதுவரை எட்டாமல் கிடந்த விளிம்புகள் எல்லாம் படிகளாகிவிடும். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு சிறு குழு உருவாக்கி 2017இல் வெளியிட்ட ஹொலோ நைட்டிலும் இதுவேதான். குறுக்குப் பாதை தெரிந்த மலையகத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ் வளைந்து வளைந்து வரும் அதே சரிவில், ஒற்றையடி வழியொன்று நேரே லயத்துக்கு இறங்குகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மலையே அவளுக்கு வேறு மலை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். ஆசிரியர்களே, உங்களுக்காக எழுதுவது இந்தப் பகுதியைத்தான்.

பொம்மை நிலைக்குத்தாக 5 மீற்றர்/வினாடி வேகத்தில் எழும்புகிறது என்று வையுங்கள். ஈர்ப்பு ஆர்முடுகல் 10. (9.8 என்று அடம்பிடிப்பவர்கள் உயர் தரப் பௌதிகவியல் வகுப்புக்குப் போகலாம்.) அரை வினாடியில் உச்சி, உயரம் 1.25 மீற்றர், ஒரு வினாடியில் மறுபடி தரை. கிடையாக 3 மீற்றர்/வினாடி வேகத்தில் ஓடிக்கொண்டு தாவினால் 3 மீற்றர் தூரம் போகும். இப்போது இரண்டாவது தாவலைச் சேருங்கள். சரியாக உச்சியில் அழுத்தினால் உயரம் 2.5 மீற்றராகும், அந்தரத்தில் இருக்கும் நேரம் சுமார் 1.7 வினாடி, தூரம் ஏறக்குறைய 5.1 மீற்றர். உச்சியில் அழுத்தாமல், விழுந்து விழுந்து புறப்பட்ட மட்டத்துக்கு வரும் கணம்வரை பொறுத்து அழுத்தினால்? உயரம் பழையபடி 1.25தான். ஆனால் அந்தரத்தில் முழுதாக 2 வினாடி, தூரம் 6 மீற்றர். ஒரே பொத்தான். உயரம் வேண்டுபவன் உச்சியில் அழுத்த வேண்டும், தூரம் வேண்டுபவன் வயிற்றைக் கலக்கும்வரை காத்திருக்க வேண்டும். எந்த வழிகாட்டியும் சொல்லாமலேயே ஆடும் பிள்ளைகள் இதை விரலால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தாளில் நிறுவிக் காட்டுவதுதான் மிச்சம்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி இதை வைத்து ஒரு விளையாட்டுக் கட்டம் அமைத்தாள். தேயிலை மலை, இடையிடையே தண்ணீர் ஓடும் கான்கள், அந்தப் பக்கம் ஒரு கொழுந்துக் கூடை. முதல் கான் 2 மீற்றர், எவனும் தாண்டுவான். அடுத்தது 4 மீற்றர், இரட்டைத் தாவல் வேண்டும். பிறகு 2 மீற்றர் உயரக் கல் சுவர், உச்சியை ஒட்டி அழுத்தினால்தான் ஏறலாம். கடைசிக் கான் 5.5 மீற்றர். உச்சியில் அழுத்திப் பழகிய பையன்கள் எல்லாம் வரிசையாக அதற்குள் விழுந்து எழும்பி அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் கொப்பியைத் திறந்து, எங்கே அழுத்தினால் 5.5ஐத் தாண்டலாம் என்று போட்டு வைத்திருந்த வரைபைக் காட்டினாள். அதைவிட நல்ல வினாத்தாளை நான் தயாரித்ததில்லை.

நிரல் பக்கம் இன்னும் சுவையானது. உயர் தரத்தில் பைதான் நிரல்மொழி வரத்தானே போகிறது, கொஞ்சம் முந்திக்கொண்டால் பிழையில்லை. இரண்டாவது தாவலை எழுத இரண்டு வழிகள் உண்டு. “வேகம் = 5” என்று எழுதலாம், அல்லது “வேகம் = வேகம் + 5” என்று எழுதலாம். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். உச்சியில் அழுத்தினால் இரண்டும் ஒரே விடையைத் தரும், ஏனென்றால் அங்கே வேகம் பூச்சியம். ஆனால் கூட்டல் முறையில் எழுதிய பொம்மையைத் தரையிலிருந்தே டக் டக் என்று இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். வேகம் 10 ஆகிவிடும், உயரம் 5 மீற்றர், அதாவது நான்கு மடங்கு! திரைக்கு மேலே போய்விடும். வேகம் இரட்டித்தால் உயரம் ஏன் நான்கு மடங்காகிறது என்று இதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே கேட்பார்கள். அதே பொம்மை புறப்பட்ட மட்டத்துக்கு விழுந்து வரும் கணத்தில் அழுத்தினாலோ, மறை 5உம் நேர் 5உம் கழிபட்டு, ஒரு கணம் தயங்கி, பிறகு விழுந்துவிடும். ஆபத்தில் கைகொடுக்காத தாவல் யாருக்கு வேண்டும்? அதனால் முதல் முறையே ஆடுவதற்குச் சுகம்.

எத்தனை தாவல் மிச்சம் என்று எண்ணி வைக்க ஒரு மாறி போதும். கால் தரையைத் தொட்டால் 2, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒன்று குறையும். ஆனால் பொம்மை தாவாமல், விளிம்பிலிருந்து சும்மா நடந்து போய் விழுந்தால் அதற்கு இரண்டு தாவல் மிச்சமா, ஒன்றா? பிள்ளைகள் இதற்காகச் சண்டையே பிடிப்பார்கள். விடுங்கள், பிடிக்கட்டும். மலை ஏறும் ஒரு பெண்ணைப் பற்றிய செலஸ்ட் என்ற விளையாட்டு 2018இல் வந்தது. அதில், விளிம்பைத் தாண்டிய பிறகும் சுமார் பத்தில் ஒரு வினாடி வரை, தரையில் நிற்பதாகவே பாவித்துத் தாவ விடுவார்கள். ஆடுபவர் கவனிப்பதே இல்லை. கவனிப்பதெல்லாம் “இந்த விளையாட்டு நியாயமானது” என்பதை மட்டும்தான். நியாயம் என்று தோன்றுவதற்காகச் செய்யப்படும் இந்த மோசடிகளை விவாதிக்க ஒரு பாடவேளை போதாது.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியாமலில்லை. பாடத்திட்டம் முடியாது என்பீர்கள். நான் கேட்பது பாடத்திட்டத்துக்கு வெளியே இல்லை. இருபடி, வரைபு, மாறி, நிபந்தனை எல்லாம் உள்ளேயே இருப்பவை. கணினிகள் பழையவை என்பீர்கள். ஒரு சதுரத்தைத் தாவ வைக்கப் பழைய கணினி தாராளம். மழைக்கு மின்சாரம் போய்விடும் என்பீர்கள். போகட்டும், மேலே சொன்ன கணக்கு முழுவதையும் கொப்பியில் செய்யலாம். பெற்றோர் என்ன சொல்வார்கள் என்பதுதான் பெரிய பயம் என்று நினைக்கிறேன். விடிய எழும்பி மலைக்குப் போய்த் திரும்பும் தாய், பிள்ளை பாடசாலையில் விளையாடுகிறது என்று கேள்விப்பட்டால் கோபம் வரத்தான் செய்யும். அவரைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்து, விசைப்பலகையை அவர் கையிலேயே கொடுத்து, மகள் எழுதிய கானைத் தாண்டச் சொல்லுங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். பரிசளிப்பு விழா மேடையில் ஏறி, “வாழ்க்கையிலும் நமக்கு இரண்டாவது தாவல் உண்டு மாணவச் செல்வங்களே” என்று யாரும் பேசிவிடாதீர்கள். அந்தப் பேச்சு ஏற்கனவே என் காதில் ஒலிக்கிறது. பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த உவமை இல்லை, விசைப்பலகை.

அடுத்த தவணைக்கு நேரசூசி போடும்போது, தரம் 10க்கு வாரம் ஒரு பாடவேளையை மட்டும் விட்டுப் பாருங்கள். கணிதமும் கணினியும் ஒரே ஆசிரியரிடம் இல்லாத பாடசாலைகளில் இருவரும் சேர்ந்தே அந்த அறைக்குள் வர வேண்டியிருக்கும். தேநீர் இடைவேளையிலாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இரண்டு பேராக அமர்த்துங்கள், ஒருவர் எழுத மற்றவர் கணக்குப் பார்க்கட்டும். முதல் நாளிலேயே இரட்டைத் தாவலுக்குப் போகாமல் ஒற்றைத் தாவல் ஒழுங்காக வரும்வரை பொறுத்திருங்கள். ஒலிபெருக்கியைக் கழற்றி அதிபரின் அலுமாரியில் பூட்டிவிடுங்கள். பக்கத்து வகுப்பில் வரலாறு நடக்கும். ஹட்டனைச் சுற்றியுள்ள பாடசாலை எதுவானாலும், சனிக்கிழமை முற்பகல்களில் வந்து கூட இருந்து உதவ நான் தயார். கட்டணம் வேண்டாம், பிளேன்டீ போதும்.

இப்படிக்கு,
பின்னேர வகுப்புக் கணித ஆசிரியன்,
ஹட்டன்.