சித்தி, அந்தத் தாளைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்

அன்புள்ள சித்திக்கு,

போன வாரம் ஆறாவது கீமோ முடிந்து உங்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் வைத்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. மரபணுப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. மூன்று மாதமாக அது அங்கேயேதான் இருக்கிறது. கேட்டால், "எனக்குத்தான் வந்தாச்சே, இனிமே எதைக் கண்டுபிடிக்க?" என்கிறீர்கள். நேரில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும், நீங்களும் காபி போட எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, பெயரும் ஊரும் போடாமல், பொதுவிலேயே எழுதுகிறேன். இதே தாள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பைகளில் மடங்கிக் கிடக்கும்.

நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா, ஜார்ஜியா இரண்டு மாநிலங்களில் 2013 முதல் 2019 வரை புற்றுநோய் என்று தெரிந்த 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களை எடுத்துப் பார்த்தார்கள். பரம்பரைக் காரணம் உண்டா என்ற பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 6.8 சதவீதம்தான். உங்களுக்கு வந்திருக்கிற சினைப்பைப் புற்றுநோயில், வந்த எல்லோருக்குமே இந்தப் பரிசோதனை வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். அதிலேயே 100 பேரில் 39 பேர்கூடச் செய்யவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை சித்தி. அம்மா 44 வயதில் மார்பகப் புற்றுநோயில் போனார். இப்போது நீங்கள். பயந்துபோய் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் நம் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். இறந்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு போட்டார். அம்மாவின் வட்டம் கறுப்பு, மேலே கோடு. உங்கள் வட்டமும் கறுப்பு, ஆனால் கோடு இல்லை. அந்தக் கோடில்லாத வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாச்சி எப்படி இறந்தார் என்று கேட்டார். மகோதரம் என்றேன். நம் வீட்டில் அப்படித்தானே சொல்வார்கள்? வயிறு குடம் மாதிரி வீங்கி, சோறு இறங்காமல், கொஞ்ச நாளிலேயே போய்விட்டார் என்றேன். அவர் பென்சிலை நிறுத்திவிட்டு, அம்மாச்சியின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார். கல்லீரல் கெட்டாலும் வயிற்றில் நீர் கோக்கும், சினைப்பைப் புற்றுநோய் பரவினாலும் கோக்கும். எதுவாகவும் இருந்திருக்கலாம்.

"அப்படியென்றால் எனக்கு டெஸ்ட் எடுங்கள்" என்றேன். எடுக்கலாம், ஆனால் முதலில் உங்கள் சித்திக்கு எடுப்பதுதான் நல்லது என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் இந்தக் கடிதமே.

பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்று இரண்டு மரபணுக்கள். உடம்பில் டி.என்.ஏ. பழுதானால் அதைச் சரிசெய்யும் வேலையில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவற்றில் எங்கோ ஓர் எழுத்து பிசகியிருந்தால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடிவிடும். பிசகு எந்த இடத்தில் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. இப்போது என்னைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால் என்ன அர்த்தம்? குடும்பத்தில் இருக்கும் பிசகு எனக்கு வரவில்லை என்று இருக்கலாம். நம் குடும்பத்துக் காரணம் இந்தச் சோதனைக்கே சிக்காத வேறொன்றாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல முடியாது. உங்கள் ரத்தத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கும் தங்கச்சிக்கும் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவும் குறைவு, உண்டா இல்லையா என்று விடையும் நேராக வரும்.

இதில் உங்களுக்கும் நேரடியாக ஒன்று இருக்கிறது. ஓலாபரிப் என்று ஒரு மாத்திரை. முற்றிய சினைப்பைப் புற்றுநோயும் இந்தப் பிசகும் உள்ளவர்களில், கீமோவுக்கு நோய் கட்டுப்பட்ட பிறகு அதைச் சாப்பிட்டவர்களையும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒரு பெரிய ஆய்வில் ஒப்பிட்டார்கள். ஏழு வருடம் கழித்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 46.5 சதவீதம். அந்த மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டர் முடிவு செய்வதற்கு இந்த ரிசல்ட் தேவை. அதனால்தான் கீமோ முடிகிற நேரத்தில் அவர் அவசரப்படுகிறார்.

சரி, உங்கள் உண்மையான பயம் எனக்குத் தெரியும். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறீர்கள். பெண் வீட்டில் பரம்பரை நோய் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. நம் ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ரிசல்ட் உங்கள் கைக்குத்தான் வரும், யாரிடம் சொல்வது என்பதும் உங்கள் விருப்பம். பிசகு இருந்தாலும் பிள்ளைகளுக்குப் போக ஐம்பதுக்கு ஐம்பதுதான் வாய்ப்பு. தங்கச்சிக்கு இருந்தாலும் அவளுக்கு நோய் என்று ஆகாது. 25 வயதிலிருந்து வருடாவருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் பெற்று முடித்தபின் சினைப்பையை எடுத்துவிடலாம். கல்யாணத்தை நினைத்து நாம் கண்ணை மூடிக்கொண்டால், நாற்பது வயதில் அவள் மடியில் இன்னொரு மஞ்சள் பை வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். தம்பிக்கும் இது வேண்டும். ஆண்களுக்கும் இந்தப் பிசகு போகும், அவர்கள் வழியாகப் பேத்திக்கும் போகும்.

"என்னால்தானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மாச்சி உங்களுக்கு மூக்குத்தி கொடுத்தார், சுருள்முடி கொடுத்தார். இதையும் கொடுத்திருந்தால் தெரிந்தா கொடுத்தார்?

செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு நான்தான் கூட வருகிறேன். வழக்கமாக ரத்தம் எடுக்கும்போது இன்னும் ஒரு குழாய், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். எல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். அதுவரை ஒன்று மட்டும் யோசித்து வையுங்கள்: அம்மாச்சிக்கு எந்த வயதில் வயிறு வீங்க ஆரம்பித்தது, பெரியாஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? ஆலோசகர் கேட்பார். பக்கத்தில் இருந்து பார்த்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் அக்கா மகள்